சம்பந்திக்கு ஒரு சால்மன்

2025 ஏப்ரல் 19, சனிக்கிழமை, காலை ஐந்து நாற்பது. வெப்பம் 25 டிகிரி, ஈரப்பதம் 71 சதவீதம், வடமேற்கிலிருந்து மெல்லிய காற்று, கடல் பக்கம் தூசி கலந்த மூட்டம். அஜ்மானில் எங்கள் கட்டடத்து வாசலில் ஒரு நீல ஐஸ் பெட்டி, இரண்டு தண்ணீர் பாட்டில், எட்டு இட்லி, ஓர் அட்டை வாந்தி மாத்திரை, இத்தனையும் தூக்கிக்கொண்டு டாக்சிக்காக நின்றேன். பக்கத்தில் என் சம்பந்தி, அதாவது என் மகளின் மாமனார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி கனமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் தூக்க வேண்டும், பிள்ளையைப் பெற்றவர் கூட வர வேண்டும். அதுதான் முறையாம்.

நாங்கள் சால்மன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தோம்.

வளைகுடாக் கடலில் சால்மன் கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தப்பு ஒரு புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. சம்பந்தி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நெல் வியாபாரம், பன்னிரண்டு ஏக்கர் நிலம், ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற மரியாதை. விசிட் விசாவில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கு என் மகள் சூப்பர் மார்க்கெட்டில் சால்மன் வாங்கி மிளகு தடவிப் பொரித்து வைத்தாள். ரோஜா நிறத்தில் இருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள் இல்லை என்று ஆச்சரியப்பட்டார். மூன்று துண்டு சாப்பிட்டார். பிறகு மகனைக் கேட்டார்.

"இது இங்க கடல்லதான் பிடிக்கிறாங்களா?"

என் மாப்பிள்ளை போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "ஆமாப்பா" என்றார்.

அவ்வளவுதான். கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், எந்தச் சரக்கு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று தாள் தாளாகப் பார்க்கிறவர், தன் தட்டில் இருக்கிற மீன் நார்வேயிலிருந்து விமானத்தில் வந்தது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அட்டையில் எழுதியிருந்தது. அந்த அட்டை குப்பைக் கூடையில் மேலாகவே கிடந்தது. நான் "நார்..." என்று வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் மகள் என் காலை மிதித்தாள்.

"அப்ப நாமளே போய்ப் பிடிச்சா என்ன?" என்றார் சம்பந்தி.

"பிடிக்கலாம்ப்பா" என்றார் மாப்பிள்ளை.

"கிடைக்கும் மாமா" என்றாள் என் மகள். பார்மசியில் வேலை பார்க்கிறாள். மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி தள்ளியிருந்தால் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்கிறவள். அவள் வாயிலிருந்து வந்தது "கிடைக்கும்".

பிள்ளையைப் பெற்றவரிடம் "இல்லை" என்ற சொல்லைச் சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எழுதாத சட்டத்துக்கு இத்தனை பயம். அந்த மேஜையில் படித்தவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம், மூன்று பட்டம். ஒரு மீனின் ஊரைச் சொல்ல ஆளில்லை.

நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். 1984இல் துபாய்க்கு வந்தேன். ஜெபல் அலியில் ஒரு கோடவுனில் முப்பத்தைந்து வருஷம் ஸ்டோர்கீப்பர். எண்ணாமல் ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. லாரியில் நானூறு பெட்டி என்று சீட்டு சொன்னால், நான் நானூறையும் எண்ணுவேன். டிரைவர்கள் "யல்லா பாய், கலாஸ்", சீக்கிரம் முடி என்று கத்துவார்கள். கத்தட்டும். 2019இல் ஓய்வு வாங்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். 2022இல் மனைவி போய்விட்டாள். நாற்பதாம் நாள் முடிந்ததும் மகள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் சம்பளத்தைக் காட்டி எனக்கு விசா எடுத்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்க வேண்டும். இந்த வருஷம் மே மாதம்.

இரண்டு படுக்கையறை வீடு. இரண்டாவது அறை என்னுடையது. பதினொன்றுக்கு ஒன்பது அடி. ஜன்னலிலிருந்து ஒரு பள்ளிவாசல், இரண்டு டயர் கடை, மூன்று பெரிய குப்பைத் தொட்டி தெரியும். சம்பந்தி வந்ததும் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் ஹாலில் சோபாவுக்கு மாறினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. அவர் வந்த முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டார்.

"பொண்ணு வீட்ல எத்தனை நாளைக்குங்க சம்பந்தி?"

மூன்று வாரத்தில் இதே கேள்வியை நான்கு தடவை கேட்டார். ஒரு தடவை சிரித்துக்கொண்டு, இரண்டு தடவை பேப்பர் படித்துக்கொண்டு, ஒரு தடவை என் தட்டில் என் மகள் இரண்டாவது தோசையைப் போடும்போது. "எங்க பக்கத்துல பொண்ணு கொடுத்த வீட்ல தண்ணி குடிக்கவே யோசிப்பாங்க" என்றார். என் மகள் அந்தத் தோசையைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் என்னிடம் சொன்னாள்.

"அப்பா, மே மாசம் உங்க விசாவைப் புதுப்பிக்க வேண்டாம், ஊர்ல வீடு பூட்டித்தானே கிடக்குன்னு மாமா இவர்கிட்ட சொல்லியிருக்கார். இவர் அவங்க அப்பா பேச்சைத் தட்ட மாட்டார். மே ரெண்டாம் தேதி மாமா கிளம்பிடுவார். அதுவரைக்கும் அவரோட எதுவும் வெச்சுக்காதீங்கப்பா. எனக்காக."

சரி என்றேன். திருநெல்வேலி வீட்டில் ஏழு அறை. ஏழிலும் ஆளில்லை. விழுந்தால் எடுத்துவிட ஒருவரும் இல்லை. அதனால்தான் வளைகுடாவில் சால்மன் நீந்தியது.

படகை நான்தான் ஏற்பாடு செய்தேன். நாலு மணி நேரம் கூட்டிக்கொண்டு போய், தூண்டில் கொடுத்து, கரையில் கொண்டுவந்து விடுகிற படகு. கேப்டன் ராமநாதபுரம் கடற்கரைக்காரர், தமிழ் முஸ்லிம், ஐம்பதைத் தாண்டியவர். முந்தின நாள் போனில் ரகசியமாக விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயா, சால்மன் பிடிக்கணும்னா நீங்க ஐஸ் மலைக்குல்ல போகணும்."

"தெரியும். அவருக்குத் தெரியாது."

"சொல்லிற வேண்டியதுதானே?"

"அவர் என் மகளோட மாமனார்."

"அட, அப்படிச் சொல்லுங்க" என்றார். பிறகு யோசித்து, "நம்ம ஊர் காலா மீன் இருக்குல்ல, அதை இங்கிலீஷ்ல இந்தியன் சால்மன்னுதான் சொல்றாங்க. இந்தப் பக்கம் எப்பவாவது ஒண்ணு ரெண்டு மாட்டும். மாட்டுச்சுன்னா காட்டிருவோம். அல்லா விட்ட வழி" என்றார்.

போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் ஷேரி மீன் முட்டையிடுகிற காலம், பிடிக்கத் தடை. தவறித் தூண்டிலில் மாட்டினால் உடனே கடலில் விட்டுவிட வேண்டும். துறையில் அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். "மத்தது எது வேணாலும் வெச்சுக்கங்க ஐயா, ஷேரி மட்டும் ஆகாது." நான் அதை என் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். டாக்சியில் போகும்போது சம்பந்திக்கு வாசித்தும் காட்டினேன். "ம்" என்றார்.

படகில் எங்களைத் தவிர ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிற நாலு பிலிப்பைன்காரர்கள். ஆறு ஐந்துக்குக் கிளம்பினோம். ஆறு ஐம்பதுக்கு முதல் தூண்டில் தண்ணீரில் விழுந்தது. நான் நோட்டில் கோடு போட்டு ஐந்து கட்டம் பிரித்தேன். எண், நேரம், மீன், நீளம், பிடித்தவர்.

"என்ன சம்பந்தி, இங்கயும் ஸ்டோரா?" என்றார் அவர்.

"ஒரு கணக்குதான்."

"மீனுக்கு எதுக்குங்க கணக்கு? குழம்புல விழுந்தா எல்லாம் ஒண்ணுதான்." பிலிப்பைன்காரர்களைப் பார்த்துத் தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். அவர்களும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள்.

சனிக்கிழமைகளில் சம்பந்தி கவுச்சி தொடமாட்டார். பிடிக்கலாம், கொல்லலாம், சாப்பிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐஸில் வைக்கத்தான் அந்த நீலப் பெட்டி. பெருமாளுக்கு இந்த ஏற்பாடு சம்மதமா என்று கேட்க எனக்கு ஆசை. கேட்கவில்லை.

முதல் மீன் எனக்கு மாட்டியது. ஏழு பன்னிரண்டு, சங்கரா, பத்தொன்பது சென்டிமீட்டர். கேப்டன் கை தட்டினார். சம்பந்தி எட்டிப் பார்த்து, "இது சால்மன் குட்டியா?" என்றார். இல்லை என்றேன். அவர் முகம் சுருங்கியது. அடுத்த இரண்டும் அவருக்கு. ஒரு சங்கரா, ஒரு சின்னப் பாறை மீன். நாலாவது மறுபடி எனக்கு. இவ்வளவுக்கும் அவர் தூண்டிலுக்கு இரை மாட்டியது நான். இறால் துண்டைத் தொட்டால் கை நாறுமாம், சனிக்கிழமையாம். எண்ணினேன், இருபத்திரண்டு தடவை மாட்டினேன்.

ஐந்தாவது மீனுக்கு வருகிறேன். எட்டு முப்பத்தேழு. அவர் கம்பு வில்லாக வளைந்தது. சும்மா சொல்லக்கூடாது, அறுபத்தொன்பது வயதில் மனிதர் நன்றாகவே நின்று இழுத்தார். கேப்டன் ஓடிவந்து வலையில் ஏந்தினார். மஞ்சள் பாரித்த உடம்பு, செதிலுக்குச் செதில் நீலப் பொட்டு. கனமான மீன்.

"வந்துட்டான்!" என்றார் சம்பந்தி. "இதானே சால்மன்?"

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"ஐயா, இது ஷேரிங்க. எங்க ஊர்ல வெளமீனும்பாங்க. இப்ப பிடிக்கக் கூடாது. விட்டுருங்க."

"விடுறதா? நான் பிடிச்ச மீனையா?"

"சட்டம் ஐயா. வயிறு நிறைய முட்டையா இருக்கும்."

"சினை மீன்தான்யா ருசி" என்றார் சம்பந்தி.

கேப்டன் பொறுமையாகத் தூண்டில் முள்ளைக் கழற்றி, மீனை அவர் இரண்டு கையிலும் வைத்து, "நீங்களே உங்க கையால விடுங்க, புண்ணியம்" என்றார். அந்த நேரம் பார்த்துப் படகின் மறுபக்கத்தில் பிலிப்பைன்காரர்கள் இருவரின் தூண்டில் நரம்பு பின்னிக்கொண்டு ஒரே கூச்சல். கேப்டன் அங்கே ஓடினார்.

சம்பந்தி சுற்றிலும் பார்த்தார். அப்புறம் குனிந்து, நீலப் பெட்டியின் மூடியைத் தூக்கி, ஐஸைக் கையால் விலக்கி, மீனை அடியில் படுக்க வைத்து, மேலே ஐஸைத் தள்ளி, அதன்மேல் நாலு சின்ன மீனையும் பரப்பி, மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்தார். நிமிடக் கணக்கில் ஒன்றுகூட ஆகவில்லை. இறாலைத் தொட்டால் நாறுகிற கை!

"சம்பந்தி, அது வேண்டாம். துறையில பார்ப்பாங்க" என்றேன்.

"யாரு பார்க்கப் போறா?"

"தப்பு சம்பந்தி."

"நீங்க எண்ணிக்கிட்டே இருங்க" என்றார்.

பெட்டிக்குள்ளேயிருந்து மீன் வாலால் அடித்தது. அவர் உட்கார்ந்திருந்த இடம் அதிர்ந்தது. பதினோரு தடவை அடித்தது, பிறகு நின்றது. நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து "கேப்டன்" என்று ஒரு சத்தம் கொடுத்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் இந்த நாட்டில் இருந்திருக்கிறேன். ஒரு அபராதம் கட்டியதில்லை. பார்க்கிங் இல்லை, சிக்னல் இல்லை, மெட்ரோவில் தண்ணீர் குடித்ததுகூட இல்லை. அப்படிப்பட்டவன் முட்டையோடு ஒரு மீன் சாகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மே மாதத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நோட்டில் எழுதினேன். எழுதாமல் இருக்க என்னால் முடியாது. 5, 8.37, ஷேரி, சுமார் 38, சம்பந்தி. பக்கத்தில் "விடவில்லை". அளக்க விடாததால் "சுமார்" என்று எழுத வேண்டி வந்தது. என் கணக்கில் அந்தச் சொல் வருவது அபூர்வம்.

பத்து ஐந்துக்குத் துறைக்குத் திரும்பினோம். மொத்தம் ஏழு மீன். காலாவும் இல்லை, சால்மனும் இல்லை. கயிறு கட்டும்போதே அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். இந்த நாட்டுப் பையன்தான், முப்பது வயது இருக்கும், மரியாதையான முகம். பிலிப்பைன்காரர்களின் பையைப் பார்த்தார், சரி என்றார். எங்கள் பெட்டியைத் திறந்தார். கையை உள்ளே விட்டார். அவ்வளவு ஐஸுக்கு அடியிலிருந்து நேராக அதையே வெளியே எடுத்தார். அனுபவம்.

"பாபா, யே கிஸ்கா ஹே?" என்றார். யாருடைய மீன் என்று இந்தியில் கேட்டார்.

சம்பந்திக்கு இந்தி தெரியாது. கேள்வி என்னவென்று தெரிய மொழி தேவையில்லை. அவர் என் முழங்கையைப் பிடித்தார். விரல் நடுங்கியது.

"சம்பந்தி, எனக்கு விசிட் விசா. ஏதாவது ஆயிடுச்சுன்னா பையன் வேலைக்கு வந்துடும். நீங்கதான் இங்க பழைய ஆளு. சொல்லுங்க, ஏதாவது சொல்லுங்க."

கேப்டன் அதிகாரியிடம் அரபியில் பேசினார். மீன் மாட்டியதும் விடச் சொன்னேன், விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன் என்றார். உண்மைதான். யாரிடம் விடச் சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதிகாரியின் கண் என் சட்டைப் பையில் இருந்த நோட்டுக்குப் போனது. கேட்டு வாங்கினார். கட்டம், எண், நேரம் எல்லாம் அவருக்குப் புரிந்தது. எழுத்துதான் தமிழ். ஐந்தாவது வரியில் விரலை வைத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள்" என்றார்.

படித்தேன். ஐந்து. எட்டு முப்பத்தேழு. ஷேரி. முப்பத்தெட்டு.

கடைசிக் கட்டத்தில் "சம்பந்தி" என்று என் கையெழுத்தில், தெளிவாக இருந்தது.

"மேரா" என்று படித்தேன். என்னுடையது.

முப்பத்தைந்து வருஷம் ஸ்டோரில் நான் ஒரு எண்ணை மாற்றிப் படித்ததில்லை. ஒரு மேனேஜர், பிறகு இன்னொரு மேனேஜர், இரண்டு பேர் கேட்டும் மாற்றிப் படித்ததில்லை. அங்கே மீன் நாற்றத்தில், வெயிலில், ஒரு பையனின் விரலுக்குக் கீழே மாற்றிப் படித்தேன். கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

அதிகாரி கோபப்படவில்லை. "நீங்கள் பெரியவர், எழுதியும் வைத்திருக்கிறீர்கள், தெரிந்தே செய்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் எமிரேட்ஸ் ஐடியை வாங்கிக் குறித்துக்கொண்டார். ஏழு மீனையும் எடுத்துக்கொண்டார். என் பெயரில் அபராதச் சீட்டு, ஆயிரம் திர்ஹம். போகும்போது, "இனிமேல் செய்யாதீர்கள் பாபா" என்றார். நான் சரி என்றேன். அறுபத்தேழு வயதில், செய்யாததை இனிமேல் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பெட்டியை டாக்சியில் ஏற்ற உதவிய கேப்டன் மட்டும் மெதுவாகச் சொன்னார், "எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க ஐயா."

டாக்சியில் சம்பந்தி இரண்டு சிக்னல் வரை பேசவில்லை. மூன்றாவதில், "நல்ல வேளை" என்றார். ஐந்தாவதில், "இட்லி மிச்சம் இருக்கா?" என்றார். கொடுத்தேன். நன்றி என்று ஒரு சொல் வரும் என்று வீடு வரை காத்திருந்தேன். ஒன்பது சிக்னல். வரவில்லை. போகட்டும் என்றால், வீட்டுக்குள் போனதும் நடந்ததுதான் என்னை இன்றுவரை தூங்கவிடாமல் செய்கிறது.

மாப்பிள்ளை கதவைத் திறந்தார். சம்பந்தி செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"பெரிய கூத்துடா! சம்பந்தி போலீஸ்ல மாட்டிட்டாரு!"

என் மகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"பிடிக்கக் கூடாத மீனாம். உள்ள வெச்சிருக்காரு. அதுலயும் நோட்டுல எழுதி வேற வெச்சிருக்காரு! எந்த மடையனாவது செஞ்ச தப்பை மணி போட்டு எழுதி வெப்பானா? ஆபீசர் கேட்டதும் தானே படிச்சுக் காட்டிட்டாரு. நான் பக்கத்துல இருந்து கையைப் பிடிச்சுக்கிட்டேன், இல்லேன்னா அங்கேயே விழுந்திருப்பாரு."

கையைப் பிடித்தாராம்! யார் கை நடுங்கியது, யார் கையை யார் பிடித்தது? நான் வாயைத் திறந்தேன். என் மகளின் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். அவர் பொய் சொல்கிறார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதுதான் கொடுமை. துறையிலிருந்து வீடு வருவதற்குள் அவர் அதை நம்பியே விட்டார். என் கையில் பெட்டி இருந்தது, என் பெயரில் சீட்டு இருந்தது, போதாதா?

மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "என்ன மாமா இது" என்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவை அந்தக் குரலில் பேசினார்.

நான் பால்கனிக்குப் போனேன். என் மகள் பின்னாலேயே வந்தாள். "அப்பா, நீங்களா செஞ்சீங்க?"

"சீட்டு என் பேர்லதானே இருக்கு."

"நான் அதைக் கேட்கலை."

"அவர் கிளம்பட்டும்" என்றேன்.

அவள் பால்கனிக் கதவைச் சாத்தினாள். பிறகு, "நோட்டைக் காட்டுங்க" என்றாள். காட்ட மாட்டேன் என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது. காட்டியிருந்தால் அவள் அப்படியே உள்ளே போய் அந்த மேஜையில் அதைப் போட்டிருப்பாள். என் மகளை எனக்குத் தெரியும். மே மாதம் அத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் மே மாதத்தை முடித்துவைத்தது சம்பந்தியேதான். அன்றைக்குச் சாயங்காலம் ஹாலில் டீ குடித்துக்கொண்டு, நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, அங்கே இல்லாதவனைப் பற்றிப் பேசுவதுபோல மகனிடம் சொன்னார்.

"தம்பி, நான் யோசிச்சேன். இவரை ஊருக்கு அனுப்ப வேணாம். தனியா விட்டா ஏதாவது பண்ணி ஜெயிலுக்குப் போயிடுவாரு. வயசாயிடுச்சு, மூளை ஒரு நிதானத்துல இல்ல. இங்கேயே உங்க கண் பார்வையில இருக்கட்டும். விசாவைப் புதுப்பிச்சிடு."

"சரிப்பா" என்றார் மாப்பிள்ளை.

நான் டீயைக் கீழே வைத்தேன். கை சூடு தாங்கவில்லை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். மூன்று வருஷமாக இந்த வீட்டின் கரண்ட் பில், தண்ணீர் பில், வாடகைச் செக் தேதி எல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. மருமகனின் கார் இன்சூரன்ஸ் முடிகிற நாளை அவருக்கு நினைவூட்டுகிறவன் நான். எனக்கு நிதானம் இல்லையாம். மரியாதையாக வாழ்ந்த ஒரு ஆளாக எனக்கு அந்த அறை கிடைக்கவில்லை. பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு பைத்தியமாகக் கிடைத்தது. "வேண்டாம், நான் ஊருக்கே போகிறேன்" என்று எழுந்து நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கதவோரம் என் மகள் நின்றிருந்தாள். சம்பந்தியின் பேச்சைக் கேட்டு அவள் முகம் கறுத்தது, "சரிப்பா" என்ற சொல்லைக் கேட்டதும் அதே முகம் தெளிந்தது. இரண்டையும் பார்த்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

மே இரண்டாம் தேதி அவர் கிளம்பினார். முந்தின நாள் என்னையே சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சால்மன் நாலு கிலோ, உறைய வைத்தது, தெர்மோகோல் பெட்டி ஒன்று. ஊரில் தம்பிகள் வீட்டுக்கெல்லாம் கொடுக்க வேண்டுமாம். கவுண்டரில் அவர் பர்ஸைத் தேடுகிற மாதிரி பாவனை செய்வதற்குள் நான் கார்டை நீட்டிவிட்டேன். முறை. விமான நிலையத்தில் பெட்டியைக் கட்டும்போது ஊரிலிருந்து அவர் தம்பி பேசினார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"என்னண்ணே, மீனெல்லாம் பிடிச்சீங்களாமே?"

"பின்ன? படகுல போய் நானே பிடிச்சதுடா. கொண்டுட்டு வர்றேன்."

அட்டையில் நார்வே என்று பெரிய எழுத்தில் இருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். பார்த்து, அதன்மேல் ஒட்டும் டேப்பை நீளமாக ஒட்டினார்.

என் விசா மே பதினாறாம் தேதி புதுப்பித்து வந்துவிட்டது. அறைக்குத் திரும்பிவிட்டேன். படகில் இரண்டு ஆளுக்கு, டாக்சி போக வர, மாத்திரை, நீலப் பெட்டி, அபராதம், நார்வே மீன், அதற்குத் தெர்மோகோல், எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது இரண்டாயிரத்து நாற்பத்தாறு திர்ஹம்.